214ஆம் மாற்றம்

2008 செப்டம்பர் 8, திங்கள்

காலையில் கொழும்பிலிருந்து பேரின்பநாயகம் சேர் போன் எடுத்தார். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சப்வெர்ஷனை விட்டுவிடப் போகிறோமாம். அதே வேலைக்கான கிட், மெர்குரியல், பசார் மூன்றையும் ஓட்டிப் பார்த்து, எங்கள் குழுவுக்கு எது சரிவரும் என்று நான் அறிக்கை எழுத வேண்டும். இரண்டு மாதம் தந்திருக்கிறார். ஹட்டன் கிளையில் இருப்பது நானும் மதுரனும் மட்டும்தான். அதைக் 'குழு' என்கிறார், சிரிக்காமல்.

தோட்ட டிஸ்பென்சரிகளுக்கான கிளினிக் பட்டியல் மென்பொருள்தான் எங்கள் வேலை. எந்தக் கர்ப்பிணி எந்தக் கிழமை வர வேண்டும் என்று மிட்வைஃபுக்குச் சொல்லும். முதலில் ஓடுவது மதுரன் குடியிருக்கும் தோட்டத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில்.

செப்டம்பர் 11

சப்வெர்ஷனின் குறை எழுத ஆரம்பித்தேன். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற பதிவு முழுக்கக் கொழும்பில் ஒரே கணினியில் இருக்கிறது. இணைய லைன் இல்லாவிட்டால் ஒன்றும் சேர்க்க முடியாது. ஹட்டனில் தூறினாலே லைன் போய்விடும். இங்கே தூறாத நாள் எது?

அதனால்தான் எங்களுக்கென்று ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை என் வேலையைப் பென் டிரைவில் போட்டு மதுரனிடம் கொடுப்பேன். அவன் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிர்மலையில் டவர் இருக்கிறது, சிடிஎம்ஏ போனில் இழுத்துக்கொண்டாவது இணையம் வரும். இருவருடையதையும் அவனே அனுப்புவான், அவன் பெயரில், அவன் கடவுச்சொல்லில். இதை அறிக்கையில் எழுதலாமா? சேர் கத்துவார்.

செப்டம்பர் 17

மூன்றிலும் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கிறது. லைன் இல்லாமலே சேர்க்கலாம், பிறகு பரிமாறிக்கொள்ளலாம். பசார் மரியாதையானது, ஆனால் ஆமை. மெர்குரியல் சொன்னதைக் கேட்கிறது. கிட் வேகம், ஆனால் விண்டோஸில் முரண்டு பிடிக்கிறது. இன்று என் அரைநாள் வேலையை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

டிஸ்பென்சரியிலிருந்து மிட்வைஃப் அழகம்மா அக்கா பேசினார். அழுதுகொண்டே பேசினார்.

தவமலர் என்று ஒரு பிள்ளை, தலைப்பிரசவம். இரண்டு மாதமாக அவள் பெயர் பட்டியலில் வரவில்லை. பிரஷர் ஏறியது யாருக்கும் தெரியாது. நேற்று வலிப்பு வந்து, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பிரசவம். எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். தாய் பிழைத்துக்கொள்வாளாம்.

"கம்ப்யூட்டர நம்பித்தானேம்மா பேரு எழுதுற கொப்பிய மூடி வச்சேன்" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

சேர் கொழும்பிலிருந்து நேரில் வந்துவிட்டார். பிழையை அரை மணியில் கண்டுபிடித்தோம். ஒரே ஒரு வரி. 'தாய்வீடு போனவர்' என்று குறித்திருந்தால் பெயரை அந்தப் பிரிவின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. தவமலரின் தாய்வீடு அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவு. மேலேயிருந்து பெயர் போய்விட்டது, கீழே வரவே இல்லை.

சேர் பதிவைத் திறந்தார். 214ஆம் மாற்றம், மதுரன்.

"இது நீர் போட்டதுதானே?"

மதுரன் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "எம் பேருதான் சேர் இருக்கு" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23

அந்த வரி என்னுடையது.

செப்டம்பர் 24

எழுதிவிட்டேன், சரி, இனி முழுதாக எழுது. ஜூலையில் அழகம்மா அக்கா சொன்னார்: "வளகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போன புள்ளைங்க பேரும் வந்து நிக்குது. நான் லயம் லயமா ஏறி எறங்கிக் காலு ஒடிஞ்சு போகுது." அதற்காகத்தான் எழுதினேன். என் அக்கா தலைப்பிரசவத்துக்குப் பொகவந்தலாவையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாய்வீடு என்றால் வேறு தோட்டம், வேறு மிட்வைஃப் என்றே என் மண்டையில் இருந்தது. இரண்டு லயம் தள்ளிக் கட்டிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்களே! தெரியாதா எனக்கு?

ஏன் வாயைத் திறக்கவில்லை? ஜனவரியில் எனக்கு நிரந்தரமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பயம். வேறென்ன, பயம்தான். வெட்கங்கெட்டவள்.

செப்டம்பர் 30

மதுரனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சேர் சொல்லிவிட்டார். மேசையைக் காலி செய்ய உதவினேன். உதவினேனாம்!

பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன். தலவாக்கலை பஸ் புறப்படும்போது சொன்னான்: "நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், லோஜினி."

அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 9

தூக்கமில்லை. அறிக்கை நாலு பக்கத்தில் நிற்கிறது.

அக்டோபர் 14

கிட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயர் வைக்கிறது. எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர். மெர்குரியல் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. பசாரில் வழி உண்டு, ஆனால் நினைவாகச் சொன்னால்தான். எங்கள் பென் டிரைவ் வழக்கத்துக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் இல்லை. ஏன் முக்கியம் என்று எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது.

அக்டோபர் 20

சேர் போனில்: "பழைய பதிவுகளைக் காவிக்கொண்டு வரத் தேவையில்லைப் பிள்ளை. புதுசாத் தொடங்குவம். அதையும் அறிக்கையில போடும்."

புதிதாகத் தொடங்கினால் 214 என்ற ஒன்றே இருக்காது. நான் வாயைத் திறக்கவே வேண்டாம். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

அக்டோபர் 28

நேற்றுத் தீபாவளி. கோவிலில் அழகம்மா அக்காவைக் கண்டேன். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதாம், ஒரு பக்கம் கை அசைவு குறைவாம். "பாவம் அந்த மதுரன் பய. லயத்துல யாரும் அவன்கிட்ட முகங்குடுத்துப் பேசுறதில்ல. அவங்க அம்மா காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்குக்கூடத் தனியாத்தான் வருது" என்றார்.

கையில் இருந்த பிரசாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

நவம்பர் 1, சனி

அலுவலகத்தில் தனியாக. பழைய பென் டிரைவ் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன, திகதியோடு. சப்வெர்ஷன் வரலாறு முழுவதையும் கிட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 341 மாற்றங்கள். எல்லாம் மதுரன் பெயரில். 127 என்னுடையவை. ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயரைத் திருத்தினேன். 214ஐக் கடைசிக்கு விட்டேன். கட்டளை ஓடி முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நவம்பர் 3

அறிக்கை போய்விட்டது. பரிந்துரை: கிட். பழைய வரலாற்றோடு. காரணம் என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

நவம்பர் 5

சேர் போன் எடுத்தார். "முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார். பிறகு, "மதுரனை நான் கூப்பிடுறன். உம்மை நிரந்தரமாக்கிற கதை இப்ப இல்லை. வந்து வேலையைப் பாரும்."

கிட் சரியான தெரிவு என்றும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

நவம்பர் 7

மதுரனுக்குப் போன் எடுத்தேன். டிசம்பரில் திரும்பி வருகிறானாம். மன்னிப்புக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல பேர மாத்திட்ட, சரி. சேர் ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதுமா? எங்க அம்மா தண்ணி எடுக்கப் போனா, பீலியில மத்தவங்க கொடத்த இழுத்து வச்சுக்கிறாங்க, அம்மாவுக்கு எடம் விடுறதில்ல. அங்க வந்து சொல்லு."

சரி என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போனேன். காலை ஆறரைக்கு, மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் பதினோரு பெண்கள் நின்றார்கள். தவமலரின் தாயும் இருந்தார். மதுரனின் அம்மா சற்றுத் தள்ளி, வெறுங்குடத்தோடு.

நான் யார் என்று சொன்னேன். அந்த வரியை எழுதியது நான், பேசாமல் இருந்ததும் நான், மதுரன் இல்லை என்று சொன்னேன்.

தவமலரின் தாய் என்னைப் பார்த்தபடியே பீலியின் கீழிருந்த தன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "வாங்க மதினி, நீங்க புடிங்க" என்றார், மதுரனின் அம்மாவிடம்.

என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குடம் நிறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.