பல்வலிக்குக் கொடுத்த மாத்திரை

என்னங்க, நீங்களும் பிள்ளைகளும் சுகமா? நான் நலம்.

உங்கள் மூட்டுவலிக்கென்று நான் வைத்துவிட்டு வந்த மாத்திரையை நேற்று போனில் தூக்கி எறியச் சொன்னேன். காலாவதியாகிவிட்டது என்றது பொய்.

போன வாரம், சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடும் அக்காவுக்குப் பல்வலி. என் கைவசம் இருந்த அதே மாத்திரையைக் கொடுத்தேன். ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் மூச்சு விட முடியாமல் தரையில் சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஆஸ்துமா இருக்கிற சில பேருக்கு இது ஆகாது. கேட்காம குடுக்கலாமா?" என்றார். அக்கா தேறிவிட்டார். "நீ நல்லதுக்குத்தானே குடுத்தே" என்கிறார். அதுதான் சுடுகிறது.

உங்களுக்கும் ஆஸ்துமா. அது தெரிந்த நானே அந்த மாத்திரையை எடுத்து வைத்தேன். இனி வலிக்கு எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

வேலைக்கு மணி அடிக்கிறது. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி