உப்புக் கரித்த மழை

பழவேற்காட்டுக் கடற்கரைக் குப்பத்திலிருந்து உன் நைனா நீலமேகம், வடக்குத் திட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் லோகாம்பாளுக்குத் தன் கையாலேயே எழுதும் ஓலை. நானும் உன் அம்மா தேவகியும் சுகம்.

தன் கையாலேயே என்பதை இரண்டு முறை படித்துக்கொள். அதை எழுதவே அரைப் பொழுது ஆயிற்று. பிரசவத்துக்கு வந்திருந்தபோது என்னோடு மணலில் எழுத்துப் பழகியவள் நீ. என் ழகரம் நண்டு மாதிரி இருக்கிறது என்று சிரித்தாய். இப்போது பார், நண்டு நேராக நடக்கிறது.

ஒல்லாந்துக் கோட்டை வைத்தியர் நம் முற்றத்தில் வைத்த செப்புப் பாத்திரத்தில் எத்தனை விரல் மழை நின்றது என்று தினமும் காலையில் அளந்து எழுதுகிறேன். எட்டு விரலைத் தாண்டும் பேய்மழை ஒரு பருவத்தில் எத்தனை முறை வருகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். நான்கு முறை வந்தால் உங்கள் திட்டு வெள்ளத்தில் முழுகும், குடியிருக்கத் தகாது என்று நாற்பது வீட்டையும் கோட்டைப் பக்கம் கொண்டுவந்துவிடுவார்களாம். தீபாவளிக்கு வந்தபோது உன்னிடம் சொன்னேன். "மூணு தபாவா, நாலு தபாவா நைனா?"னு நீ திரும்பத் திரும்பக் கேட்டாய்.

இந்தப் பருவத்தில் மெய்யாகவே பெய்து எட்டைத் தாண்டியது இரண்டு முறைதான். நீ இங்கே இருந்த நாட்களில் இன்னும் இரண்டு முறை ஒன்பது விரல் நின்றது. கூரையில் அவ்வளவு சத்தம் கேட்கவில்லையே என்று எனக்கு உறுத்தல். அளந்த மழைத்தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் நான் குடித்துவிடுவது உனக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளும் வாய் கரித்தது. மீன் கழுவ மொண்டு வைக்கும் கடல்தண்ணீரின் கரிப்பு.

முதலில் பக்கத்து வீட்டுப் பச்சைமுத்துவைத்தான் சந்தேகப்பட்டேன். "வானத்துத் தண்ணிய வெரலு வெச்சு அளக்கறவன் நாளைக்கு நம்ம மூச்சையும் அளப்பான் மாமா"னு பாத்திரத்தை முறைப்பவன் அவன். கோழி கூவும்போதே எழுந்து அவன் வாசலைப் பார்த்துக் கிடந்தேன். குறட்டைதான் கேட்டது. உன் அம்மாவையும் விடவில்லை. "தண்ணி மொண்டு ஊத்த எனக்கு இன்னா பைத்தியமா"னு அகப்பையைத் தூக்கினாள்.

நீ போன பிறகு மழை எல்லாம் இனிக்கிறது.

அந்த இரண்டு நாளுக்கும் கணக்கு எழுதாமல் ஓலையில் இடம் விட்டுவிட்டேன். நாய் தட்டிவிட்டது என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் முற்றம் முழுவதும் நாயைத் தேடிப் பார்த்தார். நாற்பது வீட்டார் தலைமுறையாக வலை போடும் இடம் என் கையெழுத்தால் பறிபோகக் கூடாது, அம்மா.

உன் முழங்கைக் காயத்தைப் பற்றிக் கேட்டதற்கு வலைக்கயிறு அறுத்தது என்றாய். மாப்பிள்ளை வந்து கூப்பிட்டபோது குழந்தையை இறுக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாய். நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

கருவாடு விற்க வரும் குப்பம்மாள் இதை உன் கையில் மட்டும் கொடுப்பாள். நீ இங்கே வந்து சேர நாற்பது வீடு நகர வேண்டியதில்லை, கண்ணு. இதன் பின்பக்கத்தில் 'வா' என்று ஒரே ஓர் எழுத்து எழுதி அவளிடமே கொடுத்துவிடு. எழுத்தாணி இல்லாவிட்டால் கெளுத்தி முள்ளால் கீறினாலும் போதும். படகோடு வந்து நிற்பேன். அதுவரை உனக்கும் குழந்தைக்கும் கங்கையம்மன் காவல் இருக்கட்டும்.

உன் நைனா,
நீலமேகம்