ரூபி அக்காவின் குரலுக்கு ஒரு நிரல்

மார்ச் 6, வியாழன்
நேற்றுச் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். முந்தாநாள் வரை ஒழுங்காக ஓடிய நிரல், இன்று திறந்த ஐந்தாவது விநாடியில் தானாக மூடிக்கொண்டது. ஒன்பது தடவை திறந்தேன். ஒன்பது தடவையும் அதே கதை. என்ன கோளாறு என்று ஒரு வரியாவது காட்டித் தொலைக்கக் கூடாதா?

மார்ச் 9, ஞாயிறு
திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, கோடிழுத்து இணைத்தால் ஒலி வரும். அவ்வளவுதான் இந்த மென்பொருள். நான் வைத்திருப்பது நூற்று நாற்பது பெட்டி. எல்லாம் ரூபி அக்காவுக்காக. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் அடிக்கு இறங்கிவிட்டது. ஒன்றரை வருஷமாகக் கோயிலில் வாயைத் திறப்பதில்லை, பாடகர் குழுவுக்கே தலைமையாக நின்றவள்! இனி அவள் மைக்கில் மெல்லப் பாடினால் போதும். பழைய பதிவில் இருக்கும் அவள் குரலே கூடச் சேர்ந்து தூக்கிக் கொடுக்கும். ஈஸ்டருக்குப் பாடுவாயா என்று கேட்டதற்கு, “பாப்போம்டா” என்றாள். எனக்கு அது போதும்.

மார்ச் 15
லேப்டாப்பை ஜமால் முகமது கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “ரேம் பத்தல சார், இன்னொண்ணு போட்ருவோம்.” போன வருஷம் சார்ஜர் போனதற்கும் ரேம்தான் போடச் சொன்னார். போட்டாயிற்று. மூடிக்கொள்கிறது.

மார்ச் 23
மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி போட்டேன். சனியன்!

ஏப்ரல் 2
இணையத்தில் அழாத குறையாகக் கேட்டிருந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் பதில் போட்டிருக்கிறான்: பாதிப் பெட்டிகளை நீக்கிப் பார், அப்புறம் அதில் பாதி. நூற்று நாற்பது! பாலிடெக்னிக்கில் பேப்பர் திருத்துவேனா, இதைப் பார்ப்பேனா?

ஏப்ரல் 12
கண்டுபிடித்தேன். ஒரே ஒரு பெட்டி. பழைய பதிவை வாசிக்க நானே எழுதிச் சேர்த்தது. கோப்பு கிடைக்காவிட்டால், இல்லை என்று சொல்லத் தெரியாமல் செத்துப்போகிறது. சரி, அது என் லட்சணம். ஆனால் கோப்பு எங்கே போனது? அக்கா பாடிய அல்லேலூயா — அவளுடைய தனிக்குரல் பதிவு அது ஒன்றுதான். யார் எடுத்தது?

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு
அவளேதான்!

“தவக்காலத்துல அல்லேலூயா பாடலாமா? நீ பாட்டுக்கு வீடே அதிர வச்சுக்கிட்டு இருந்த. அதான் பென்டிரைவுல எடுத்து பீரோக்குள்ள வச்சேன்.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா? அஞ்சு வாரமா பைத்தியக்காரனா அலையறேன்!”

“நீ கேக்கவே இல்லையே.”

கத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

ஏப்ரல் 16
கோப்பைத் திரும்பப் போட்டேன். திறந்தது. அரை மணி நேரம் ஓடியும் மூடவில்லை.

ஆனால் அதே கோப்புறையில் இன்னும் இரண்டு அல்லேலூயா கிடக்கின்றன. ஒன்று பாடகர் குழுவின் பிரான்சிஸ் பாடியது, ஒன்று மறைக்கல்விப் பிள்ளைகள் பாடியது. இரண்டையும் அவள் தொடவே இல்லை. தவக்காலம் அவற்றுக்குக் கிடையாதா?

அடுப்படியில் போய்க் கேட்டேன். வெஞ்சனத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: “அதைக் கேட்டா செத்தவ பாடுறாப்புல இருக்குடா. நீ அவளத்தான் பாட வைக்கணும்னு அலையிற.”

அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு எனக்காக அல்லவா செய்திருக்கிறேன்? நூற்று நாற்பது பெட்டி வைத்தவன், அவளிடம் ஒரு கேள்வி ஒழுங்காகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்
லேப்டாப்பைக் கொண்டுபோகவில்லை. அக்கா பாடகர் குழுவிடம் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். வாசகம் முடிந்து அல்லேலூயா ஆரம்பித்தது. இரண்டாவது வரியில், எங்கள் வரிசை ஆண்களோடு சேர்ந்து கீழ்ச்சுருதியில் ஒரு குரல். கரகரப்பாக இருந்தது, ஆனால் சுருதி பிசகவில்லை. அவள்தான். நான் பாடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முழங்கையால் இடித்தாள். “ஏலே, ஊமையா நிக்கிற? பாடு.”