வீட்டுக்கு எதிரே தரைதட்டினோம்

அன்பு மகள் ஜுவேரியாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிறந்து நாற்பது நாளான என் பேத்தியும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். ஒரு வாரமாக நான் போனை எடுக்கவில்லை என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டாயாம். போன் ரிப்பேர் என்று அவள் சொன்னது பாதிதான் நிஜம், அது அடையாற்றுச் சேற்றுக்குள் கிடக்கிறது. மீதியை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நம் சைதாப்பேட்டைக் கடையில் முப்பது வருஷமாகக் கயிறும் தார்ப்பாயும் வாங்குகிற பட்டினப்பாக்கம் லூர்துசாமி புதிதாக ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று வாங்க பாய் என்றார். உன் அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன், எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். பஜ்ர் முடித்துப் போய், கடல் வழியாகச் சுற்றி அடையாற்று முகத்துவாரத்தில் நுழைந்தோம். பௌர்ணமி ஏற்றம், கரைக்குக் கரை ஒரே தண்ணீர். ஆனால் அவர் நேராகப் போகவில்லை, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனார். கேட்டதற்கு, தண்ணீர் கறுத்து அசையாமல் இருக்கிற இடம்தான் வழி, சிலுசிலுவென்று நெளிகிற இடத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லை என்றார். சொன்னபடியே கழியைக் குத்திக் காட்டினார். உடைந்த பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நம் ராஜா அண்ணாமலைபுரம் பிளாட்டின் பின்பக்கம் தெரிந்தது, மூன்றாவது மாடியில் என் கைலி காய்கிறது. உன் அம்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

தப்பு அங்கேதான் செய்தேன். எட்டு மணிக்கே அவர், “வத்தம் வுழுது பாய், தண்ணி எறங்குது, திரும்பிக்கலாம்” என்றார். உனக்கு அனுப்ப வீட்டைப் போட்டோ எடுக்கிறேன், பத்து நிமிஷம் என்றேன். நாரைகளையும் எடுத்தேன், அரை மணி போய்விட்டது. திரும்பினால் வந்த வழியே இல்லை. படகு ஒரு உரசு உரசி நின்றது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு பக்கமும் தண்ணீர் இறங்கிக் கறுப்புச் சேறாகிவிட்டது. கழியால் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. லூர்துசாமி வீட்டுக்குப் போன் போட்டார், வேறு படகு வந்தாலும் அதுவும் மாட்டிக்கொள்ளும், சாயங்காலம் ஏற்றம் வந்தால் தானே மிதக்கும் என்று அவர் மனைவி கங்கம்மா சொல்லிவிட்டார். கொண்டுபோன இட்லி காலையிலேயே தீர்ந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு உன் அம்மாவுக்கு வேர்த்தது, கை நடுங்கியது, சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. எனக்குப் புத்தி போய்விட்டது. முந்நூறு அடியில் வீடு, ஓடிப்போய்ச் சர்க்கரை எடுத்து வருகிறேன் என்று யாரையும் கேட்காமல் குதித்தேன். இரண்டாவது எட்டில் இடுப்புவரை போய்விட்டேன், காலை இழுக்க இழுக்கக் கீழேதான் போனது. “ஆடாத பாய், அப்டியே நில்லு” என்று சொல்லி லூர்துசாமி கழியை நீட்டினார், அந்த நடுங்குகிற கையால் உன் அம்மாவும் பிடித்து இழுத்தாள். போன் போனது, நான் வந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து அவளிடம் கொடுத்தார். பீடியை விட்டதிலிருந்து வாய்க்கு இதுதானாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும்.

கால் மணியில் அவள் தெளிந்தாள். அப்புறம் சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலையில்லை. தலையில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவள் மெதுவாகப் பேசினாள். உன் பிரசவத்துக்கு வர நீ உண்டான சேதி வந்த அன்றே பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னதையும், நோன்பு போகட்டும், மழை போகட்டும் என்று நான் தள்ளியதையும் மாசம் மாசமாக எண்ணிச் சொன்னாள். குழந்தை அழுததைப் போனில் கேட்டு, மிக்ஸியைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாளாம். “நீங்க வந்தா வாங்க, இல்லாட்டி இருங்க. நான் போறேன்” என்றாள். “நீ போயிட்டா இந்த வீட்ல நான் என்ன செய்வேன்” என்று, இத்தனை நாள் கடைமேல் போட்ட பழியை விட்டு, உள்ளதைச் சொன்னேன். சோறாக்கிச் சாப்பிடுவீங்க என்றாள். லூர்துசாமி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பில் தோள் குலுங்கியது. நாலரைக்குப் படகின் அடியில் ஒரு அசைவு. ஐந்துக்கு மிதந்தோம், இந்தத் தடவை அவர் சொன்னபோது கிளம்பினோம்.

பாஸ்போர்ட்டுக்கு வியாழக்கிழமை போய்வந்தோம். கிடைத்ததும் விசாவுக்குப் போடுவோம், அம்மா தனியாகத்தான் முதலில் வருவாள், கடையை ஒப்படைத்துவிட்டு நான் ஜூனில் வருகிறேன். குழந்தைக்கு நெற்றியில் என் முத்தம். மாப்பிள்ளைக்கு சலாம், உங்கள் மூவரையும் ரப்பு காக்கட்டும். மறக்காதே, அம்மா வரும்போது அங்கே பனி இருக்குமாம், விமான நிலையத்துக்கே பூட்ஸ் எடுத்து வா. தி.நகரில் வாங்கலாமென்று போனேன், என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டார், முப்பத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவள் தூங்கும்போது செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அளவு ஐந்து. இடது கால் கொஞ்சம் அகலம்.

உன் அத்தா,
ஷாஹுல் ஹமீது