குங்குமம் பட்ட மூடி

செப். 29, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். மேகம் மட்டும் கூடிக் கூடிக் கலைகிறது. காலைப் பை மாற்றியாயிற்று. ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, வயிற்றுக் குழாயில் பையை மாட்டி, பழைய தண்ணீர் இறக்கி, புதுசு ஏற்றி. மதுரையில் ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் உட்காருகிறவளுக்கு மாலையே போடலாம். இறங்கிய தண்ணீர் தெளிவு. அப்பாடா.

கிட்னி இரண்டும் கைவிரித்த பிறகு தினமும் நாலு வேளை இதுதான் பிழைப்பு. போன வருஷம் மரத்துப்போன இந்த விரல் பையின் முனையில் லேசாகப் பட்டுவிட்டது. தண்ணீர் கலங்கி, காய்ச்சல், ஆஸ்பத்திரி வாசம். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இன்ஃபெக்‌ஷன் வந்தா ட்யூபை எடுத்துருவோம்மா. அப்புறம் இங்க வந்து மிஷின்லதான் படுக்கணும்."

படுக்க மாட்டேன். அதனால்தான் மூடி. பையின் முனையைச் சுற்றி ஓர் உறை. குழாயில் வைத்து அழுத்தினால்தான் உறை பின்னால் நகரும். விரல் எப்படித் தடுமாறினாலும் முனையைத் தொட முடியாது. பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷம் மெஷின் டிராயிங் எடுத்ததற்கு இதையாவது வரைய வேண்டாமா?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கமிட்டி. பிடித்திருந்தால் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க அனுமதி. கிருமி நீக்கச் சென்னைக்கு அனுப்பிய மூடிகள் வந்துவிட்டன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில், சீலோடு. பத்திரமாகச் சிக்கந்தர் அண்ணன் பட்டறை அலமாரியில். அச்சு வெட்டி வார்த்துத் தந்தவர் அவர்தான்.

டாக்டருக்குப் போன் போட்டு நேரம் கேட்டேன். "பேஷன்ட் பேஷன்ட்டா இருந்தா போதும்மா. இதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துக்குவான்." கம்பெனிக்காரன் வயிற்றிலா ட்யூப் தொங்குகிறது?

வாங்க: காஸ் துணி, ஸ்பிரிட், பொரிகடலை, வாழைப்பழம்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

எழுதக் கை வரவில்லை.

மதியப் பை முடித்துவிட்டுத் திருமங்கலம் ரோட்டுப் பட்டறைக்குப் போனால் ஊதுபத்திப் புகை. மிஷினெல்லாம் சந்தனம், குங்குமம். அண்ணன் வழக்கம்போல அன்றைக்குச் சாவியைப் பட்டறைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, பொரி பிரிக்கும்போது வந்து நிற்பார். அதெல்லாம் சரி. மேஜையில் வாழை இலை. இலையில் வரிசையாக என் மூடிகள். கவர் இல்லாமல்! ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், நடுவில் குங்குமம், ஒரு இதழ் செவ்வந்தி.

செய்தவர் என் வீட்டுக்காரர். பேங்க்கில் ஆபீசர். காலையில் திருப்பரங்குன்றம் போய் அர்ச்சனை வேறு. கத்தரிக்கோலால் எல்லாக் கவரையும் நறுக்கியிருக்கிறார்.

"கவர் மேல வச்சா ஆகாதாங்க?"

"கவர்ல வச்சா கவருக்குத்தான பூஜை? உன் சாமானுக்கு எப்படிச் சேரும்?"

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் கத்தினேன். (வீட்டில் பேசும் எங்கள் பாஷையில்தான். பையன்களுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது.) கிருமி போனதும் நிறம் மாறுகிற புள்ளி ஒவ்வொரு கவரிலும் இருந்தது. அதுதான் ஐயா இதற்குப் பொட்டு. அதை நறுக்கிக் குப்பையில் போட்டாயிற்று.

அக். 2, வியாழன்

ராத்திரி நல்ல மழை. இவரோடு பேச்சில்லை. இட்லி மட்டும் வைத்தேன்.

பத்து மணிக்குப் பட்டறை. இவரும் பின்னாலேயே. "ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, அண்ணன் சீலிங் மிஷின்லயே திரும்ப ஒட்டிருவோம். யாருக்குத் தெரியப் போவுது? கமிட்டி திரும்ப எப்பக் கூடும்னே தெரியாதும்மா." எனக்காகத்தான் சொல்கிறார். கண்ணெல்லாம் சிவந்து.

சிக்கந்தர் அண்ணன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒட்டுறது எம்புட்டு நேரம் தங்கச்சி? நீ சொன்னா ஒட்டுறேன். சொல்லுவியா?"

"மாட்டேன்ணே."

"அப்ப ஆஃப் பண்ணிட்டு வாரேன்" என்று மிஷின் சுவிட்சைத் தட்டிவிட்டு டீ சொல்லப் போனார்.

கலங்கல் தண்ணீரைப் பார்த்தவள் நான். அந்த வலி எனக்குத் தெரியும். சீல் பொய்யென்றால் மூடியும் பொய்தான். கமிட்டி விரட்டினால் விரட்டட்டும். போகத்தான் போகிறேன், குங்குமத்தோடு. ஒன்றைக்கூடத் துடைக்கப் போவதில்லை.

அக். 3, வெள்ளி

வெயில். காலைப் பை தெளிவு. பச்சைப் புடவை.

கமிட்டியில் டாக்டர், இன்னும் இரண்டு பேர், கிருமித் தடுப்பு நர்ஸ். டப்பாவைத் திறந்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். "என்னம்மா, கோயில் பிரசாதமா?"

"பூஜையில சீல் உடைஞ்சிருச்சு சார். இது யார் வயித்துக்கும் போகாது. ஆனா குங்குமம் எங்க இருக்கு, எங்க இல்லைன்னு பாருங்க."

பழைய பை முனைகளில் மூடிகளை மாட்டி, துண்டுக் குழாய்களோடு நீட்டினேன். நர்ஸ் ஒவ்வொரு மூடியாகக் குழாயில் அழுத்தி மாட்டி, கழற்றி, குழாயின் உள்ளே வெள்ளைக் காஸை விட்டுத் துடைத்தார். கையெல்லாம் சிவப்பு. காஸ் வெள்ளை, விரலில் ஒட்டியது குழாய்க்குள் போகவில்லை. அடுத்தது, வெள்ளை. அறையில் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசிக்கு முந்தியதில் காஸின் ஓரம் ஒரு சிவப்புக் கீற்று.

"பாத்தீங்களா" என்றார் டாக்டர்.

"பாத்தேன் சார். குங்குமம் இல்லேன்னா நீங்களும் பாத்திருக்க மாட்டீங்க, நானும் பாத்திருக்க மாட்டேன். இது என் வயித்துக்கே வந்திருக்கும்." உறையைப் புரட்டிக் காட்டினேன். விளிம்பில் மயிரிழை அளவு பிசிறு, உறை முழுக்க மூடவில்லை. "அச்சைச் சீவிட்டு வாரேன். அதுவரை பேஷன்ட்டா இருக்கச் சொல்லாதீங்க."

அனுமதி இல்லை. ஆனால், "புது லாட் சீலோட கொண்டு வாங்க. கூடவே கொஞ்சம் குங்குமம் பூசியும்" என்றார். டாக்டரேதான்!

வெளியே வரும்போது நர்ஸ் கை கழுவிக்கொண்டே, "குங்குமம் பூசிப் பாக்குற ஐடியா யாருது மேடம்?"

வராண்டா பெஞ்சில் இவர், டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே வரப் பயந்து.

"அந்தா உக்காந்திருக்காரே, அவருதுதான்" என்றேன்.