வாய் மட்டும் கலங்கிய படம்

ஆடி அமாவாசை, இரவு.

இன்று மாமாங்கக் கோயில் தீர்த்தக் கூட்டத்தின் அசைவைப் பிடிக்க, ஷட்டரை அரைச் செக்கன் திறந்து வைத்து, யாருக்கும் தெரியாமல் படம் எடுத்தேன். நடந்தவர்கள் எல்லோரும் கோடுகளாய்க் கலைந்துவிட்டார்கள்.

"கை நடுங்கிற்றா? எல்லாரும் புகை மாதிரி இருக்காங்க," என்றாள் மனைவி. "இஞ்ச பாருங்க, உங்கட தம்பி மட்டும் வடிவா விழுந்திருக்கார்."

வயற்காணி பிரித்ததிலிருந்து என்னோடு பேசாத தம்பி. என் பக்கமே பார்த்தபடி அசையாமல் நின்றிருக்கிறான்.

பெரிதாக்கினேன். கண், நெற்றி, திருநீறு எல்லாம் தெளிவு. வாய் மட்டும் கலங்கியிருக்கிறது. ஏதோ சொல்லியிருக்கிறான். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"அண்ணன் எண்டு கூப்பிட்டிருப்பார். ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்களன்."

வாய்க்கால் பக்கத்துக் காணியைத் தனக்கே எழுதிக்கொண்டவன், ஏசியும் இருக்கலாம். போன் எடுக்கவில்லை. படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய் இன்னும் கலங்கியதுதான் மிச்சம்.