செக்ரட்டரி கை நனைத்த கடல்

உன் கம்பளிக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறி நாலைந்து தும்மல் போட்டேன். நீ போனபிறகு வருகிற முதல் டிசம்பர் இது. ரிச்சர்ட்ஸ் டவுனில் பனி இறங்கிவிட்டது. காலை ஆராதனைக்குப் போகிற கிழங்கள் எல்லாம் காதை மறைத்து மப்ளர் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நானும் கிழம்தான், எனக்கும் குளிருகிறது, அதனால்தான் எடுத்தேன் என்று எழுதலாம். ஆனால் அது பாதி உண்மை. நேற்று நம் சபை செக்ரட்டரி என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். அதை உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கோட்டு நான் தைத்ததுதான். கமர்ஷியல் தெருவில் பேரம் பேசத் தெரியாமல் நீ வாங்கிவந்த கருநீலக் கம்பளித் துணி. "கப்பல் மேல்தட்டுல காத்து ஜாஸ்தி இருக்கும்டி, காலரை உசத்தி வை" என்றாய். காது வரைக்கும் வருகிற மாதிரி வைத்துத் தைத்தேன். ஒருநாள்கூட நீ அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகவில்லை. பெங்களூர்க் குளிருக்குச் சால்வை போதும், இது கப்பலுக்குத் தைத்தது என்று மடித்து வைத்துவிட்டாய். மகா பிடிவாதம் உனக்கு, அதுவும் வேண்டாத இடத்தில்.

அந்தப் பயணம் எப்படி ஆரம்பித்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பக்கத்துச் சபையின் செக்ரட்டரி எருசலேமுக்குப் போய் யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் அவருக்கு மேடையில் நாற்காலி. நம் செக்ரட்டரிக்கு அது பொறுக்கவில்லை. கணக்கு ஆபீசில் குப்பை கொட்டி ரிட்டயரான மனுஷர், திடீரென்று அப்போஸ்தலர் போன வழியில் தானும் போகவேண்டும் என்று கர்த்தர் தன் மனசில் பாரம் வைத்துவிட்டதாகச் சொன்னார். எருசலேமுக்கு எல்லோரும்தான் போகிறார்களாம். இவர் கிரேக்க நாட்டில் இறங்கி, அங்கிருந்து படகு பிடித்துத் துருக்கிக் கரையோரமாக ஊர் ஊராக இறங்கி ஏறிப் போவாராம். வருஷா வருஷம் அவருடைய பாடகர் அங்கியைப் பிரித்து அகலம் வைத்துக் கொடுத்தவள் நான். அந்தப் பக்தி எந்தப் பக்கம் வளர்ந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பாரம் வந்தது, வழி தெரியவில்லை. அதனால் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பூகோளம் டீச்சரான உன்னைத் தேடி வந்தார். உன்னையும் சேர்த்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நீ உருகிப்போய்விட்டாய்.

ஞாயிறு பள்ளியில் கிழிந்துபோய்க் கிடந்த வேத தேசப் படத்தை, அதுதான் பைபிள் ஊர்களெல்லாம் குறித்த, துணி ஒட்டிய அந்தப் பெரிய வரைபடத்தை, கேட்டு வாங்கிவந்தாய். உன் அறையில் அத்தனை அகலச் சுவர் ஏது? என் தையல் அறையில் மெஷினுக்கு மேலே மாட்டினாய். என் குண்டூசி, என் சிவப்புக் கம்பளி நூல். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் வீடு. துரோவா, ஆசோ, சிமிர்னா, எபேசு, மிலேத்து, கடைசியில் பத்தாரா. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஊசி குத்தி நூலைச் சுற்றி, பின்னால் தள்ளி நின்று பார்ப்பாய். எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை வரும், எங்கே படகு மாறவேண்டும், காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்லிக்கொள்வாய். செக்ரட்டரி வந்து உட்கார்ந்தால் அவருக்கு இரண்டே கேள்விதான்: அங்கெல்லாம் வெந்நீர் கிடைக்குமா, சோறு கிடைக்குமா. அதற்கும் நீ விசாரித்துச் சொல்வதாக மரியாதையாகத் தலையாட்டினாய். பூகோளம் படித்தவள், அட்லஸை மூடிவிட்டு வேதப் படத்தை நம்பி நீராவிக் கப்பலுக்கு வழி போட்டாயே, அந்த அறிவை என்னவென்று சொல்வது! பள்ளிக்கூடத்து அட்லஸில் அந்த ஊர்ப் பெயர்கள் இல்லை என்றாய். இல்லாத ஊருக்கு யாராவது வழி போடுவார்களா என்று நான் கேட்டதற்கு, பேர் மாறினா ஊர் எங்கேயும் ஓடிப்போகாது என்று சிரித்தாய்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கோயில் காம்பவுண்டில் நிற்கிறோம். செக்ரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். வெளிநாட்டுப் பணம் வாங்க மூன்று பேருக்குத்தான் சர்க்கார் அனுமதி கிடைத்ததாம். அதுவுமில்லாமல் கலியாணமாகாத பெண்பிள்ளை இரண்டு ஆண்களோடு கப்பலில் வந்தால் சபை என்ன பேசும்? "நீங்க ஜெபத்துல எங்களைத் தாங்குங்க சிஸ்டர். அதுவும் ஊழியந்தானே" என்றார். அவரும் சபைப் பொருளாளரும் போக, மூன்றாவதாக இருந்த உன் இடம் அவருடைய மச்சானுக்குப் போயிற்று. கிழக்கு எது மேற்கு எது என்று வாசலில் நின்று சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள் அந்த மச்சான். நீ என்ன செய்தாய்? "சரிங்கய்யா" என்றாய். அதோடு விட்டாயா? அன்று சாயங்காலமே மச்சானை என் வீட்டுக்கு வரவழைத்து, படத்தைக் காட்டி ஊர் ஊராகப் பாடம் நடத்தினாய். எபேசுத் துறைமுகத்தில் கல் படிக்கட்டு இருக்கும், இறங்கியதும் கடலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னாய். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாரே, அதற்காகப் பெரிய எழுத்தில் எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இருந்ததைவிட உன்மேல்தான் ஜாஸ்தி.

அவர்கள் கப்பலேறிக் கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துக்குப் புது அட்லஸ் வந்தது. கையில் சாக்பீஸ் தூசியோடு அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாய். பழைய நகரங்களை அதில் சின்ன எழுத்தில் குறித்திருந்தார்கள். எபேசு கரையில் இல்லை. ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலைத் தூரத் தள்ளிவிட்டிருந்தது. துறைமுகமே மண்ணுக்குள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. நீ ஊசியைக் கரையிலிருந்து பிடுங்கி உள்ளே தள்ளிக் குத்தினாய். குத்திவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாய். "என் தப்பால பெரியவங்க வழி தெரியாம தவிக்கப்போறாங்கடி" என்று அழுதாய். உன்னைக் கழற்றிவிட்டுப் போன ஆட்களுக்காக! ஏதென்சில் அவர்கள் தங்கிய விடுதிக்குத் தந்தி அடித்தாய். சிமிர்னாவுக்கு இப்போது இஸ்மிர் என்று பெயர், அங்கே இறங்கி ரயிலில் போகவும் என்று. பதில் வரவில்லை. அவர்கள் திரும்பும்வரை உனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பினார்கள், மாலையும் கழுத்துமாக. சபை ஹாலில் கூட்டம். நீ மன்னிப்புக் கேட்பதற்காக நேரத்தோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாய், பக்கத்தில் நான். படம் போட்ட தபால் அட்டைகள் கை மாறிக் கை மாறி வந்தன. எல்லாம் கிரேக்க நாட்டுப் படங்கள். துருக்கியில் படம் எடுக்க விடமாட்டார்கள் என்றார் மச்சான். அதற்கப்புறம் செக்ரட்டரி எழுந்து, எபேசுத் துறைமுகத்தில் கப்பல் கரை சேர்ந்ததைச் சொன்னார். கல் படிக்கட்டில் இறங்கினாராம். முழங்காலில் நின்றாராம். கடலில் கையை நனைத்து நெற்றியில் வைத்தாராம். அந்தக் கடல் தண்ணீர்தான் இது என்று ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள்.

எபேசில்தான் கடலே இல்லையே என்று எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் எழுந்துவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"உக்காருடி," என்றாய் மெதுவாக. "அவர் சொல்றது என் தப்புடி. நான் எழுதிக் குடுத்த மாதிரியே சொல்றாரு, ஒரு எழுத்து மாறல. பத்தாரா வரைக்கும் கேட்டுக்கறேன்."

கேட்டாய். கண்ணை மூடிக்கொண்டு, கடைசி ஊர் வரைக்கும். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு வெறுப்பாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாய். "சொன்னா அந்த ஊருக்கெல்லாம் யாருமே போகலேன்னு ஆயிரும்டி" என்றாய். பைத்தியம் என்று உன்னைத் திட்டினேன். ஆனால் வாக்கைக் காப்பாற்றினேன். அந்தப் பாட்டில் கோயில் கண்ணாடி அலமாரிக்குள் போனது. செக்ரட்டரிக்கு எல்லாக் கூட்டத்திலும் மேடையில் நாற்காலி கிடைத்தது. உன் அடக்கத்தில்கூட அவர்தான் ஜெபம் செய்தார். அப்போஸ்தலர் வழிப் பயணத்துக்குச் சிறுசிறு உதவிகள் செய்த சகோதரி என்றார் உன்னை. நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று அவர் வந்தது அந்த வேத தேசப் படத்துக்காக. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, கீழே பித்தளைத் தகட்டில் மூன்று பயணிகளின் பெயரையும் பொறிக்கப்போகிறாராம். தடியை ஊன்றிக்கொண்டு, டெய்லரம்மா டெய்லரம்மா என்று இனிக்க இனிக்கப் பேசினார். மெஷினுக்கு மேலே அப்படியே இருக்கிறது, பாருங்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக விரலை வைத்துக்கொண்டே வந்தார். கரையில் விரல் நின்றது. அங்கே ஊசி இல்லை, பழைய ஓட்டை மட்டும் இருந்தது.

"எபேசு இங்கதானே இருந்துச்சு? ஊசி ஏன் உள்ள தள்ளி இருக்கு?"

"கடல் அங்க இல்லீங்க. நீங்க கை நனைச்ச கடல் விலகிப்போயி எத்தனையோ தலைமுறை ஆச்சாம். டீச்சர்தான் ஊசியை மாத்திக் குத்தினா, நீங்க கப்பல்ல போயிட்டிருக்கப்பவே."

மனுஷர் அன்று நீ அழுத அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடல் கொந்தளிப்பாக இருந்தது, மச்சானுக்கு வயிறு கெட்டுவிட்டது, கிரேக்க நாட்டைத் தாண்ட முடியவில்லை என்று முனகினார். தந்தி வந்ததாம், பிரித்துப் பார்க்கவில்லையாம். பாட்டிலில் இருப்பது ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத் தண்ணீர், அதுவும் கடல்தானே என்றார். டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டார். நீங்கள் ஹாலில் பேசிய அன்றைக்கே தெரியும் என்றேன். இப்போதாவது இந்த ஆள் தலையைக் குனிவார், உன் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை வருத்தப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

இவ்வளவுதான் அந்த ஆள். இந்த ஆளுக்காக நீ பட்டினி கிடந்தாய்.

படம் ஹாலுக்கு வரும், கீழே ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், அது உன் பெயர் என்றேன். அப்படியே செய்துவிடலாம் சிஸ்டர் என்றார். இத்தனை வருஷத்தில் என்னை அவர் சிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பயம் மனுஷனுக்கு எவ்வளவு மரியாதை கற்றுக்கொடுக்கிறது பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறார்கள். நூலை நான் தொடவில்லை, ஊசியும் நீ குத்திய இடத்திலேயே இருக்கிறது. அந்த ஓட்டையை அடைத்துத் தரட்டுமா என்று சட்டம் போடுகிறவன் கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்றைக்காவது ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று, இந்தக் கரையில் ஏன் ஓட்டை என்று உரக்கக் கேட்கத்தான் போகிறது. நான் உன் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலரைக் காது வரை இழுத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். உனக்குக் கொடுத்த வாக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கனமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல அன்றைக்கு நான் எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைக்க நீ பக்கத்தில் இருக்கமாட்டாய்.